கல்லறைத் தோட்டத்து நித்தியகல்யாணி

நவம்பர் மாதம் பிறந்ததும் நம் பங்கு மக்களின் கால்கள் கல்லறைத் தோட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்குகின்றன. 2-ஆம் தேதி சகல ஆன்மாக்களின் நினைவு நாள். அதற்கு முன்பே புல்லைச் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி, சிலுவையில் மங்கிப்போன பெயருக்குக் கறுப்பு வண்ணம் தீட்டி, மெழுகுதிரியும் மாலையும் வைத்து, பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வேளைக்காகக் குடும்பம் குடும்பமாகக் காத்து நிற்பது நம் ஊர்களில் வழிவழி வந்த நல்ல பழக்கம். அவ்வாறு புல் செதுக்குகிறவர்கள் ஒரு செடியை மட்டும் வெட்ட மனம் வராமல் விட்டுவிடுவதைப் பல ஊர்களிலும் காணலாம். முழங்கால் உயரம், பளபளப்பான பச்சை இலை, இலையின் நடுவே வெளிறிய நரம்பு, ஐந்து இதழ் விரிந்த வெள்ளைப் பூ அல்லது இளஞ்சிவப்புப் பூ. அதை நட்டவர் இன்னாரென்று ஒருவருக்கும் தெரியாது. நீர் ஊற்றுவாரும் இல்லை. சித்திரை வெயிலில் சுற்றிலும் யாவும் கருகிக் கிடக்கும்போதும் அது பூத்தபடியே இருக்கும். எந்நாளும் பூப்பதால் நித்தியகல்யாணி என்று அதற்குப் பெயர். கல்லறைகளின் நடுவே வளர்வதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வர். இலங்கைத் தமிழர் பட்டிப்பூ என்கின்றனர்.

இம்மாதம் இச்செடியைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம், நம் மேசைக்கு வந்து சேர்ந்த இரண்டு கடிதங்கள்.

முதற் கடிதம் பேரன் பேத்தி எடுத்த ஒரு தாயாருடையது. சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வருகிறவர். நித்தியகல்யாணி இலை பத்தைத் தினமும் வெறும் வயிற்றில் மென்று தின்றால் மாத்திரையையே விட்டுவிடலாம் என்று அண்டை வீட்டார் சொல்கிறார்களாம். வீட்டில் வளர்க்கும் முறையையும் உண்ணும் முறையையும் எழுத வேண்டுகிறார். இரண்டாவது கடிதம் எழுதியவர் ஒரு தாத்தா. ஆறு வயதுப் பேரனுக்கு இரத்தப் புற்றுநோய். நகரத்து மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. "இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்தைத்தான் அங்கே ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். செடி நம் வாசலிலேயே இருக்கும்போது இவ்வளவு செலவும் அலைச்சலும் ஏன்? கஷாயம் வைத்துக் கொடுத்தால் போதாதா?" என்று உறவினர் கேட்கிறார்களாம். தாத்தாவும் நம்மைக் கேட்கிறார்.

இரண்டு கடிதங்களுக்கும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செடியைத் தாராளமாக வளர்க்கலாம். அதன் இலையையோ பூவையோ வேரையோ வாயில் வைக்க வேண்டாம். தாத்தா அவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை: குழந்தையின் மருத்துவமனைச் சிகிச்சையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வது ஏன் என்பதை இனி விளக்குகிறோம்.

வேம்பையும் தூதுவளையையும் போல நித்தியகல்யாணி நம் மண்ணில் தோன்றியதன்று. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவே அதன் தாயகம். அழகுக்காகவும் மருந்துக்காகவும் கப்பல் ஏறி, வெப்ப நாடுகள் எங்கும் பரவி, போன இடமெல்லாம் தன்னூர் போலவே வேரூன்றிவிட்டது. தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் கதராந்தஸ் ரோசியஸ். கதராந்தஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் தூய மலர் என்பது பொருள். ஆனால் அத்தூய மலர் பிறந்த குடும்பமோ அரளிக் குடும்பம். அரளி விதையின் கொடுமையை நம் நாட்டுப்புறத்துத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரளியும் பொன்னரளியும் இதற்கு உறவு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் ஊரில் மட்டும் இருப்பதன்று. ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா முதலிய தொலை நாடுகளிலும் அது இருந்தது. 1952-ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து கனடாவிலுள்ள ஒரு மருத்துவருக்கு ஓர் உறை வந்தது. அதனுள்ளே நித்தியகல்யாணியின் இலைகள் சுமார் 25 இருந்தன. அத்தீவு மக்கள் சர்க்கரை நோய்க்கு இவ்விலையைத் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. அம்மருத்துவரின் பெயர் கிளார்க் நோபிள். இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1921-ஆம் ஆண்டுக் கோடையில் டொராண்டோ நகரில் பாண்டிங் என்பவர் இன்சுலின் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, அவருக்கு முதலில் உதவியாளராகச் செல்வது யார் என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்தார்கள். வென்றவர் பெஸ்ட். இன்சுலின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. தோற்றவரே இந்த நோபிள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய மேசைக்கு வந்த உறை, வேறொரு வாசலைத் திறந்துவிட்டது.

கிளார்க் அவ்விலைகளைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் அனுப்பினார். மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட், இலைச் சாற்றைப் பிராணிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. பிறகு எலிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்தார். அவை சில நாட்களுக்குள் செத்து விழுந்தன. சர்க்கரை குறைந்ததால் சாகவில்லை. கிருமிகள் தொற்றியதால் செத்தன. ஏன் தொற்றின என்று ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் அவற்றின் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே நலிந்துபோயிருந்தது.

வேறு யாராவது என்றால் இது நஞ்சு என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். ராபர்ட் நோபிள் மாற்றி யோசித்தார். வெள்ளணுக்கள் அளவு கடந்து பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவற்றை அழிக்கும் பொருள் ஒன்று இச்செடியில் இருக்குமானால், அந்நோய்க்கு அதுவே மருந்தாகக் கூடுமன்றோ? 1954-இல் சார்லஸ் பியர் என்ற இரசாயன அறிஞர் அவருடன் சேர்ந்தார். இருவரும் உழைத்துப் பிரித்தெடுத்த பொருளை 1958-இல் உலகுக்கு அறிவித்தனர். அதுவே பின்னர் வின்பிளாஸ்டின் எனப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தாரும் இதே செடியைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்துக்கு 1963-இல் அந்நாட்டு அரசு அனுமதி வழங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இன்று இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன.

இம்மருந்துகள் வேலை செய்யும் விதத்தை எளிமையாகச் சொல்கிறோம். உடலின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே மெல்லிய இழைகள் தோன்றி, உள்ளிருப்பவற்றை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுகின்றன. வின்கிரிஸ்டின் அந்த இழைகளைத் தோன்றவிடாமல் தடுக்கிறது. பாதியில் நின்ற உயிரணு மடிகிறது. புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை; ஆதலின் அவை மிகுதியாக மடிகின்றன. ஆனால் மருந்துக்குப் பகைவர் யார், நண்பர் யார் என்று பார்க்கத் தெரியாது. தலைமயிரின் வேரும் குடலின் உட்சுவரும் நரம்புகளும் ஓரளவு பாதிக்கப்படுகின்றன. மயிர் உதிர்வதும், மலச்சிக்கலும், விரல் நுனி மரத்துப்போவதும் அதனாலேயே. வின்பிளாஸ்டினோ வெள்ளணுக்களையும் பெரிதும் குறைத்துவிடும். இதனால் மருத்துவர்கள் அளவில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்கிறார்கள். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஓர் அரிசி மணியின் எடை சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு! குழந்தையின் உயரத்தையும் எடையையும் கணக்கிட்டு அளவை நிர்ணயித்து, நேரே இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். ஒரு துளி குழாய்க்கு வெளியே கசிந்தாலும் அவ்விடத்துச் சதை புண்ணாகிவிடும். ஊசி ஏறும்போது செவிலியர் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நிற்பதைத் தாத்தா அவர்களும் பார்த்திருப்பார்.

ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுப்பதற்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படியானால் வாசற்செடியின் ஒரு கைப்பிடி இலையில் இம்மருந்து எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இல்லை என்றே சொல்லிவிடலாம். இருக்கும் சொற்பமும் வாய்வழியே போனால் ஒழுங்காக உடலிற் சேர்வதில்லை. ஆகவே கஷாயம் குடித்தால் நோய் தீராது. சரி, தீமையாவது இல்லாமல் போகுமா என்றால் அதுவும் இல்லை. இச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட காரப் பொருள்கள் உள்ளன. இரத்த அழுத்தத்தைக் குறைப்பது, சர்க்கரையைத் தாழ்த்துவது, கல்லீரலை வருத்துவது, மஜ்ஜையை நலியச் செய்வது என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். காய்ச்சும்போது அவற்றில் எது எவ்வளவு இறங்கும் என்பதை எவரும் அறியார். நித்தியகல்யாணிக் கஷாயத்தைக் குடித்துக் கல்லீரலும் மஜ்ஜையும் கெட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. ஏற்கெனவே சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்து நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுப்பதை நினைத்தாலே நமக்கு நெஞ்சு பதறுகிறது.

விவிலியத்தில் அரசர்கள் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்பட்டுள்ளது. நாட்டிலே பஞ்சம். இறைவாக்கினர் எலிசா தம் சீடர்களுக்குக் கூழ் காய்ச்சச் சொல்கிறார். சீடர் ஒருவர் கீரை பறிக்க வயலுக்குப் போய், காட்டுக் கொடி ஒன்றைக் கண்டு, இன்னதென்று அறியாமலே அதன் காய்களை மடிநிறையப் பறித்து வந்து, அரிந்து பானையில் போட்டுவிடுகிறார். உண்ணத் தொடங்கியவர்கள் அலறிவிடுகிறார்கள். அச்சீடருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பசித்தவர்களுக்கு உதவ வேண்டும் என்ற அன்புதான் இருந்தது. நம் அண்டை வீட்டாரும் உறவினரும் சொல்லும் யோசனைகளும் அப்படிப்பட்டவையே. அன்போடு சொல்கிறார்கள், இன்னதென்று அறியாமல் சொல்கிறார்கள். அன்று எலிசா பக்கத்தில் இருந்தார், மாவை இட்டுப் பானையின் கேட்டை நீக்கினார். நம் அடுப்பங்கரையில் எலிசா இல்லை.

இவ்வாறு எழுதுவதால் நாட்டு மருத்துவத்தை நாம் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். மண்ணிலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தவர் ஆண்டவரே என்றும், மருத்துவரை மதித்து அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் கூறுகிறது. முறையாகக் கற்ற சித்த மருத்துவர் நாடி பார்க்கிறார், சுத்தி செய்கிறார், அளவும் அனுபானமும் அறிந்து கொடுக்கிறார். அது மருத்துவம். தெருக்குழாயடியில் கேட்டதும், கைப்பேசியில் யாரோ அனுப்பியதும் மருத்துவம் ஆகா.

நிற்க, தாத்தா அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் வகை, 1950-களில் சில மாதங்களில் உயிரைப் பறித்த நோய். இன்று செல்வ நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைத்து வளர்கிறார்கள். நித்தியகல்யாணியின் மருந்து ஒன்றே அதற்குக் காரணமன்று. வேறு பல மருந்துகளோடு சேர்த்து, முறை வகுத்து, இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை கொடுப்பதால் கிடைத்த பலன் அது. பெற்றோர் ஏமாந்துவிடும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. முதல் ஒரு மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்துவிடும். காய்ச்சல் நிற்கும், குழந்தை ஓடியாடும். குணமாகிவிட்டது என்று நினைத்து ஊருக்கு அழைத்துவந்து, பிறகு மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் உண்டு. மறைந்திருக்கும் நோயணுக்கள் சில மாதங்களில் மீண்டும் பெருகும்போது, முன் கேட்ட மருந்து பின் கேட்பதில்லை. இரண்டு மாதம் ஆகிறது என்று தாத்தா எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். அபாயமான காலம் இப்போதுதான் தொடங்குகிறது.

சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்கள் எல்லாரும் அறியாமையால் விடுவதில்லை. பஸ் கட்டணம், தங்கும் செலவு, இழந்த நாட்கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் ஆகிய கவலைகளே பெரும்பாலும் அவர்களைத் திருப்பி அழைத்துவிடுகின்றன. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, ஏழைகளை மனத்தில் வைத்தே எழுந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்; மருத்துவமனையிலேயே அதற்கான அலுவலர் இருப்பார், கேட்டுப் பாருங்கள். பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் காப்பீடு வராது. அந்த இடத்தில்தான் பங்கு உதவ வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை ஏற்று, மூன்று ஆண்டும் மருத்துவமனைக்குப் போகும் நாட்களைக் குறித்து வைத்து, வழிச்செலவுக்குக் கொடுத்து, குழந்தையின் தாய் திரும்பி வரும் வரை மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டால், அது எத்தனை கஷாயத்துக்கும் ஈடாகாத மருந்து. தாத்தா அவர்கள் தயங்காமல் தம் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும்.

முதற் கடிதம் எழுதிய தாயாருக்கு: நித்தியகல்யாணி இலைச் சாறு எலிகளின் சர்க்கரையைக் குறைத்ததாகப் பிற்கால ஆராய்ச்சிகள் சில கூறுவது உண்மையே. மனிதருக்கு இவ்வளவு கொடுத்தால் நன்மை, இவ்வளவுக்கு மேல் தீமை என்று வரையறுத்துச் சொல்லும் அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வளரவில்லை. மாத்திரையோடு இலையையும் தின்றால் சர்க்கரை திடீரென்று மிகவும் தாழ்ந்து போகலாம். வியர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். நினைவிருந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் தூக்கிச் செல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மட்டும் நம்பினாலோ, சர்க்கரை ஓசையின்றி ஏறும். கண்ணும் சிறுநீரகமும் பாதத்து நரம்பும் கெடத் தொடங்கும். வலி இல்லாமையால் கெடுவது தெரியாது. இதுவரை சில நாள் தின்றிருந்தால் பயப்பட வேண்டாம். நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும், கல்லீரலையும் சோதித்துக்கொள்வது நல்லது. கருவுற்ற பெண்கள் இச்செடியை மருந்தென்று அறவே தொடக் கூடாது, கருவுக்குக் கேடு. மருமகள்மாரிடம் சொல்லி வையுங்கள்.

இனி வளர்ப்பு. உண்ணத் தகாத செடியை வளர்ப்பானேன் என்று சிலர் கேட்கலாம். அரளியையும் நந்தியாவட்டையையும் உண்பதற்காகவா வளர்க்கிறோம்? தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில், ஆடுமாடு கடிக்காமல், ஆண்டு முழுவதும் பூக்கும் செடி இதைப் போல வேறொன்று கிடைப்பது அரிது. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் உழவர்கள் இதைப் பயிராகவே செய்திருக்கிறார்கள். விதைத்த ஆறாம் மாதம் ஒரு முறையும் ஒன்பதாம் மாதம் ஒரு முறையும் இலையை உருவி, ஆண்டு முடிவில் வேரோடு பிடுங்கி உலர்த்தி விற்பார்கள். அவ்விலையும் வேரும் மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகின்றன. இலக்னோவிலுள்ள மத்திய அரசின் மருத்துவச் செடிகள் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே நிர்மல் என்னும் வெள்ளைப்பூ இரகத்தை உருவாக்கியது. வீட்டுக்கு அந்த இரகத்தைத் தேட வேண்டியதில்லை. வாசலில் முளைப்பதே போதும்.

மணல் கலந்த செம்மண்ணே இதற்கு ஏற்றது. களிமண்ணானால் பாதிக்குப் பாதி மணலும் சிறிது மக்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள். விதை கடுகைவிடச் சிறிது. ஆதலால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட வேண்டும். வெளிச்சம் பட்டால் விதை சரியாக முளைக்காது. முளை தெரியும் வரை ஈரச் சாக்கினால் மூடி வைப்பது நல்லது. பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். இரண்டு மாதத்து நாற்றை ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி தள்ளி நடலாம். இந்தச் செடி சாவது பெரும்பாலும் அன்பு மிகுந்த வீடுகளிலேதான்! நாள்தோறும் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகி, ஒரே நாளில் தலை சாய்ந்துவிடும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் தொட்டியின் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் நேரே விழ வேண்டும்; நிழலில் நெடுநெடுவென்று வளருமே தவிரப் பூக்காது. சில சமயம் இலை சிறுத்து, பூ பச்சை நிறமாகி, இலை போலவே மாறிவிடும். அது தத்துப்பூச்சிகள் பரப்பும் நோய், மருந்து கிடையாது. அச்செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில், ஒரு சாண் விட்டு மேலே கத்தரித்தால் புதுக்கிளை விட்டு அடர்த்தியாகும். ஒடித்தால் பால் வரும். கத்தரித்த பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கழித்த கிளைகளைத் தீவனத்தோடு சேர்த்துவிடாதீர்கள். தானாக மேயும் ஆடு இதை ஒதுக்கும். புல்லோடு நறுக்கிப் போட்டால் அதற்கு ஒதுக்கத் தெரியாது.

இடத்தைப் பற்றி முக்கியமாக ஒன்று. கீரைப் பாத்தியின் பக்கத்தில் இதை நடாதீர்கள். விதை வெடித்துப் பாத்தியில் விழுந்து, இளஞ்செடி கீரையோடு கீரையாக அரிவாள்மணைக்கு வந்துவிடக் கூடும். வாசற்புறம் பூச்செடிகளோடு இருக்கட்டும். கொல்லைப்புறம் கீரைக்கு இருக்கட்டும். நித்தியமல்லி என்பது வேறு என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். அது மணமுள்ள மல்லிகைக் கொடி. பெயர் ஒத்திருப்பதால் குழப்பம் நேர்கிறது.

பீடத்துக்கு வைக்கலாமா என்று மரியாயின் சேனைச் சகோதரிகள் முன்பு கேட்டிருந்தார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் பறித்த பூ மாலைக்குள் வாடி உதிர்ந்துவிடும், பூஞ்சாடிக்கு ஏற்றதன்று. தொட்டியில் வளர்த்துத் தொட்டியோடு வைப்பதே அழகு. மாதா கெபியின் படிகளில் வெள்ளை நித்தியகல்யாணித் தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கும் ஒரு பங்கை நாம் அறிவோம். மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டும் நாட்களிலும் அங்கே பூவுக்குப் பஞ்சமில்லை.

வெள்ளை மட்டும் வேண்டுவோர் விதையை நம்ப வேண்டாம். பல நிறம் கலந்து வளரும் இடத்தில் எடுத்த விதை எந்த நிறமும் தரலாம். வெள்ளைப் பூச் செடியின் நுனிக்கிளையை விரல் நீளத்துக்கு வெட்டி, கீழிலைகளைக் களைந்து, பால் உலர்ந்த பின் ஈரமணலில் ஊன்றுங்கள். நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். நிறம் எதுவானாலும் சரி என்போர் விதை எடுக்கலாம். சிறு கொம்புகள் போல இரண்டிரண்டாக நிற்கும் காய், பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் வெடித்துவிடும். பிறகு எறும்புகள் இழுத்துச் சென்றுவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்து, சில மாதங்களுக்குள் விதைத்துவிடுங்கள். பழைய விதை முளைப்பது சந்தேகம். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதானால், உறையின்மேல் செடியின் பெயரோடு 'உண்ணத் தகாதது' என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.